ரிஸ்க் பலகையில் ஜோம்பி இறக்குவது எப்படி

உலக வரைபடப் பலகையில் படை நகர்த்தி நாடு பிடிக்கிற ரிஸ்க் ஆட்டத்தில் ஒரு வீரன் செத்தால் அவனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவோம், கதை முடிந்தது. ஜோம்பி சேர்த்து ஆடும்போது அவன் பெட்டிக்குப் போக மாட்டான். செத்த இடத்திலேயே எழுந்து நிற்பான், யார் பக்கமும் சேர மாட்டான், பக்கத்தில் யார் நின்றாலும் கடிப்பான். மாற்றம் இது ஒன்றுதான், ஆனால் இதை உள்ளே விட்டதும் எங்கே சண்டை போடுவது, எத்தனை பேரைப் பின்னால் நிறுத்திவிட்டுப் போவது, யாரோடு சேர்வது, ஆட்டத்தை எப்போது முடிப்பது என்று எல்லாக் கணக்கும் புரண்டுவிடும். வீட்டில் இருக்கிற சாதாரண ரிஸ்க் பெட்டியை வைத்தே ஆடலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

எங்கள் பக்கம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் நின்றுவிடும், பகலில் வலை வேலை, பெயிண்ட் வேலை, இன்ஜின் வேலை என்று போகும், சாயங்காலம் எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. நாலு பேர் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் இழுக்கிற ரிஸ்க்குக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. நான் சொல்லப் போகிற விதிகள் அப்படி ஆடி ஆடி நாங்கள் வைத்துக்கொண்டவை. கடையில் விற்கிற பதிப்பின் விதிகள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

செத்தவன் எழுவது என்ற யோசனை மட்டும் எங்களுடையது இல்லை. 1957இல் பிரான்சில் ரிஸ்க்கை வெளியிட்டவர் ஆல்பேர் லாமோரீஸ், அவர் ஒரு திரைப்பட இயக்குநர். அதே வகையில் இன்னும் கனமான போர் ஆட்டம் ஆக்ஸிஸ் அண்ட் அல்லைஸ், லாரி ஹாரிஸ் உருவாக்கியது, 1981இல் முதலில் வந்தது, இரண்டாம் உலகப் போர்தான் களம். அதற்கு 2018இல் ஜோம்பி பதிப்பு ஒன்று வந்தது. அதில் தரைச் சண்டையில் சாகிற காலாட்படை வீரன் அங்கேயே ஜோம்பியாக எழுவான். அந்த ஆட்டத்தில் காலாட்படைதான் மலிவு, 3 காசு கொடுத்தால் ஒருவன் கிடைப்பான், அவனை முன்னால் தள்ளிச் சாகவிட்டு டாங்கியையும் விமானத்தையும் காப்பாற்றுவதுதான் காலம் காலமாக எல்லோரும் செய்வது. ஜோம்பி வந்ததும் அந்த மலிவான சாவுக்கே விலை வந்துவிட்டது. ரிஸ்க்கில் எல்லோருமே மலிவான வீரர்கள்தான், அதனால் இந்த யோசனை ரிஸ்க்கில் இன்னும் ஆழமாக வேலை செய்யும் என்பது என் கருத்து.

பழைய விதிகளைச் சுருக்கமாக நினைவுபடுத்திவிடுகிறேன். 42 நாடு, 6 கண்டம். முறை தொடங்கும்போது உன் நாடுகளை எண்ணி 3ஆல் வகுத்தால் வருவது புதுப்படை, குறைந்தது 3. முழுக் கண்டம் கையில் இருந்தால் போனஸ்: ஆஸ்திரேலியாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் 2, ஆப்பிரிக்காவுக்கு 3, ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் 5, ஆசியாவுக்கு 7. தாக்குகிறவன் 3 பகடை வரை, தடுக்கிறவன் 2 வரை, பெரிய எண்ணைப் பெரிய எண்ணோடு ஒப்பிட்டுச் சின்னது போட்டவன் ஒரு வீரனை இழப்பான், சமமாக விழுந்தால் ஜெயிப்பது தடுக்கிறவன். இந்த அடிப்படையை நாம் தொடப் போவதில்லை, ஜோம்பி இருக்கிற இடத்துக்கு மட்டும் தனி விதி.

தேவையானது ஒரு பிடி புளியங்கொட்டை

ஜோம்பிக்குக் காகிதத் துண்டு வெட்டி வைக்காதீர்கள். கச்சான் காற்று ஏறிவிட்டால் மாடியில் காகிதம் ஒரு நிமிடம் நிற்காது. புளியங்கொட்டை கனமாக இருக்கும், நிறம் ரிஸ்க் வீரர் எதோடும் சேராது, வீட்டில் கேட்டால் கிடைக்கும். 100 கொட்டை எடுத்துக் கழுவிக் காயவைத்துக்கொண்டால் போதும். தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் தேய்த்த கொட்டையைப் பகடைக்குப் பதிலாகப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். அது இரண்டு பக்கமும் சமமாக விழாது, நாம் பின்னால் பார்க்கிற கணக்கெல்லாம் கெட்டுவிடும்.

நாட்டு கார்டுகளில் ஜோக்கர் 2ஐயும் ஒதுக்கிவிட்டு மீதி 42ஐக் கலக்குங்கள். மேலிருந்து 6 கார்டு எடுங்கள். அந்த 6 நாடும் யாருக்கும் கிடையாது, ஒவ்வொன்றிலும் 2 கொட்டை வையுங்கள். மிச்சம் 36 நாடு, 3 பேருக்கு ஆளுக்கு 12, 4 பேருக்கு 9, 6 பேருக்கு 6. 5 பேர் என்றால் 7 கார்டு எடுத்தால் மீதி 35, ஆளுக்கு 7. பழைய ஆட்டத்தில் 4 பேர் உட்கார்ந்தால் 42 சமமாகப் பிரியாமல் இரண்டு பேருக்கு ஒரு நாடு கூடும், அந்தப் பேச்சே இங்கே இல்லை. தொடக்கப் படை பழையபடிதான்: 3 பேருக்கு 35, 4க்கு 30, 5க்கு 25, 6க்கு 20. அப்புறம் ஜோக்கரையும் எடுத்த கார்டுகளையும் கட்டில் சேர்த்து மறுபடி கலக்கி வையுங்கள்.

செத்தவர்களை எண்ணுங்கள்

ஒரு நாட்டைத் தாக்கும்போது இரண்டு பக்கமும் சாகிறவர்களை எடுத்து அந்த நாட்டின் ஓரமாகப் படுக்க வையுங்கள். தாக்குகிறவன் நாட்டைப் பிடித்தாலும் சரி, பாதியில் நிறுத்திக்கொண்டாலும் சரி, சண்டை முடிந்ததும் படுத்திருப்பவர்களை எண்ணி, 3 பிணத்துக்கு 1 கொட்டை அந்த நாட்டில் வையுங்கள். மிச்சத்தை விட்டுவிடலாம், 5 பேர் செத்திருந்தால் 1 கொட்டைதான், 6 என்றால் 2. பிணங்கள் எல்லாம் அவரவர் பெட்டிக்குத் திரும்பட்டும்.

ஏன் 3? ஒவ்வொரு சாவுக்கும் ஒரு ஜோம்பி என்று வைத்தால் இரண்டே சுற்றில் பலகை முழுக்கக் கொட்டையாகிவிடும், யாருக்கும் யோசிக்க இடம் இருக்காது. படையை 3ஆல் வகுக்கிற ஆட்டத்தில் பிணத்தையும் 3ஆல் வகுப்பது மனதில் நிற்கவும் சுலபம்.

இப்போது ஒரே நாட்டில் உன் வீரர்களும் நிற்கிறார்கள், கொட்டையும் கிடக்கிறது. இதைத் தீட்டுப்பட்ட நாடு என்று எங்கள் பிள்ளைகள் சொல்ல, அந்தப் பேரே நிலைத்துவிட்டது. தீட்டுப்பட்ட நாடு படைக் கணக்கில் சேராது. அந்த நாடு இருக்கிற கண்டத்துக்குப் போனஸும் கிடையாது. சுத்தம் செய்கிறவரை அது உன் கையில் இருந்தும் உனக்குப் பயன்படாது.

அதனால் உன் முறை தொடங்கும்போது புதுப்படை எண்ணுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் கடி. தீட்டுப்பட்ட ஒவ்வொரு நாட்டிலும் கொட்டைக்கு ஒரு பகடை, அதிகபட்சம் 2, உன் எதிராளி யாராவது உருட்டட்டும். 5 அல்லது 6 விழுந்தால் உன் வீரன் ஒருவன் போனான், அவனுக்குப் பதிலாக அங்கே ஒரு கொட்டை. கடிபட்டவனுக்கு 3ஆல் வகுப்பதெல்லாம் கிடையாது, நேராக எழுவான். கடைசி வீரனும் போய்விட்டால் அந்த நாடு ஜோம்பி நாடு. அடுத்து துப்புரவு. மிச்சம் நிற்கிற வீரனுக்கு ஒரு பகடை, அதிகபட்சம் 3 பகடை. 4 அல்லது அதற்கு மேல் விழுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டையை எடுத்துவிடு. இது முடிந்த பிறகுதான் நாடுகளை எண்ண வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள். கடிக்கு முன்னால் துப்புரவு என்று வைத்தால் ஜோம்பிக்குப் பல்லே இல்லாமல் போய்விடும்.

ஜோம்பி மட்டும் இருக்கிற நாட்டைத் தாக்குவது வேறு. அங்கே எத்தனை கொட்டை இருந்தாலும் தடுப்புக்கு 1 பகடைதான், சமமாக விழுந்தால் வழக்கம்போல் தடுப்புக்கு. ஜோம்பி தோற்றால் ஒரு கொட்டை போகும், நீ தோற்றால் உன் வீரன் செத்து அங்கேயே ஒரு கொட்டை கூடும். 3 பகடையோடு போனால் ஒவ்வொரு உருட்டலிலும் ஜெயிக்க 66 சதவீத வாய்ப்பு. தோல்வியில் கூடுகிற கொட்டையையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக ஒரு கொட்டையை அழிக்க ஒரு வீரன் போவான், தொடக்கத்தில் 2 கொட்டை வைத்த நாட்டுக்கு 2 பேரைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். 2 பகடை என்றால் 58 சதவீதம், கேட்பதற்குப் பெரிய வித்தியாசம் போல இருக்காது, ஆனால் ஒரு கொட்டைக்கு இரண்டரை பேருக்கு மேல் போய்விடும். 1 பகடை என்றால் 42 சதவீதம், அதாவது அழிப்பதைவிட வேகமாக நீயே ஜோம்பியை வளர்த்துக்கொண்டிருப்பாய். ஆகவே ஜோம்பி நாட்டுப் பக்கம் போவதானால் தாக்குகிற நாட்டில் 4 பேராவது இருக்கும்போது மட்டும் போ (ஒருவன் பின்னால் நிற்க வேண்டும், மீதி மூன்று பேருக்குத்தான் 3 பகடை), 3 பகடை போட முடியாத நிலை வந்த அந்த நொடியே நிறுத்து.

எல்லோரும் ஒரு முறை ஆடி முடித்ததும் ஜோம்பியின் முறை. கார்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த நாடு யாருடையதாக இருந்தாலும் ஒரு கொட்டை வையுங்கள், கார்டைக் கழிவில் போடுங்கள். ஜோக்கர் வந்தால் அந்தச் சுற்றில் புதுக் கொட்டை இல்லை. பிறகு 3 கொட்டைக்கு மேல் சேர்ந்துவிட்ட ஜோம்பி நாடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கொட்டை, பக்கத்து நாடுகளில் எங்கே வீரர் மிகக் குறைவோ அங்கே நகரும். 3 சரியாக இருந்தாலும் நகரும்.

கடல் தாண்டுமா?

இந்தக் கேள்வி எங்கள் மாடியில் ஒரு சாயங்காலம் முழுக்க ஓடியது. கரையோரத்துக்காரர்களிடம் கடலைப் பற்றி ஒரு விதி சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. பிணத்துக்கு வள்ளம் ஓட்டத் தெரியாது, அதனால் பலகையில் கடல் மேல் இரண்டு நாட்டை இணைக்கிற கோட்டைத் தாண்டக் கூடாது என்றான் தம்பி. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "டேய், தண்ணில கிடக்கிறது ஓட்டம் எங்க தள்ளுதோ அங்க ஒதுங்கும். ஆனா எல்லாமும் ஒதுங்கிராது" என்றார். அதையே விதியாக வைத்தோம். கொட்டை நகர வேண்டிய இடம் கடல் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் ஒரு பகடை உருட்டு, 6 விழுந்தால் தாண்டும், இல்லையென்றால் அங்கேயே நிற்கும்.

இது வெறும் அலங்கார விதி இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலிருந்து வர ஒரே வழிதான், ஆசியாவின் சியாமிலிருந்து இந்தோனேசியா, அதுவும் கடல் கோடு. பாம்பனைத் தாண்டாமல் ராமேஸ்வரத்துக்குத் தரைவழி கிடையாது என்பது போலத்தான், ஒரு வாசலில் ஆள் நிறுத்தினால் தீவே உன்னுடையது. பழைய ஆட்டத்திலேயே அதனால்தான் எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்கு அடித்துக்கொள்வார்கள். ஜோம்பி கடல் தாண்டவே தாண்டாது என்று வைத்தால் அங்கே உட்கார்ந்தவன் ஆட்டம் முழுக்க நிம்மதியாகத் தூங்குவான். கடலுக்கும் நிலத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்தால் தீவு என்பதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். 6க்கு மட்டும் தாண்டும் என்பது இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்தது.

தென் அமெரிக்காவுக்கு இரண்டு வாசல். பிரேசிலில் இருந்து வட ஆப்பிரிக்காவுக்குக் கடல், வெனிசுவேலாவிலிருந்து மத்திய அமெரிக்காவுக்கு நிலம். ஆட்களால் ஆபத்து இரண்டு பக்கமும் சமம், ஜோம்பியால் ஆபத்து பெரும்பாலும் வெனிசுவேலா பக்கம்தான். வாசலில் ஆள் பிரிக்கும்போது இதைப் பார்த்துப் பிரி. ஆசியா எப்போதுமே பிடித்து வைக்கக் கஷ்டமான கண்டம், 12 நாடு, பெரும்பாலும் நிலத் தொடர்பு. ஜோம்பி வந்த பிறகு அந்த 7 போனஸை நம்பித் திட்டம் போடாதே.

ஒன்றா இரண்டா

பழைய ஆட்டத்தில் எல்லையில் படையைக் குவித்துவிட்டு உள்ளே இருக்கிற நாடுகளில் ஒற்றை வீரனை நிறுத்தி வைப்பதுதான் வழக்கம். இங்கே அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். காரணம் கணக்கில் இருக்கிறது.

ஒற்றை வீரன் நிற்கிற நாட்டை 3 பகடையோடு தாக்கினால், தாக்குகிறவன் ஒருவனுக்கு மேல் இழக்காமல் அதைப் பிடிக்க 88 சதவீத வாய்ப்பு. செத்தது மொத்தம் 1 அல்லது 2, கொட்டை விழாது, நாடு சுத்தமாக அவன் கைக்குப் போகும். அதே நாட்டில் 2 பேர் நின்றால்? உன் இரண்டு பேர் செத்தாக வேண்டும், அவன் பக்கம் ஒருவன் செத்தாலும் மூன்றாகிவிட்டது, கொட்டை உண்டு. ஒருவனையும் இழக்காமல் இரண்டு பேரையும் வீழ்த்த அவனுக்கு இருக்கிற வாய்ப்பு 37 சதவீதம்தான். ஒரே ஒரு வீரனைக் கூடுதலாக நிறுத்தியதால், 88 சதவீதம் சுத்தமாகக் கிடைத்திருக்க வேண்டிய நாடு அவனுக்குப் பெரும்பாலும் தீட்டோடுதான் போய்ச் சேரும். பழைய ஆட்டத்தில் 1க்கும் 2க்கும் இவ்வளவு தூரம் கிடையாது. உன் நாட்டை உன்னால் காப்பாற்ற முடியாமல் போகலாம், ஆனால் பிடிக்கிறவனுக்கு அது உடனே உதவாதபடி செய்ய முடியும், அதற்கு 2 போதும்.

தாக்குகிறவன் பக்கமும் இதே கதைதான். ஒரே மூச்சில் நாலைந்து நாடு பிடித்துக்கொண்டு போய், ஒவ்வொன்றிலும் ஒருவனை மட்டும் விட்டுவிட்டு முன்னேறுவது ரிஸ்க்கில் பெரிய சந்தோஷம். இங்கே பின்னால் பார்க்க வேண்டும். கொட்டை கிடக்கிற நாட்டில் ஒருவனை விட்டுப் போனால் அடுத்த முறை தொடங்கும்போதே மூன்றில் ஒரு வாய்ப்பு அவன் கடிபட்டு நாடே ஜோம்பி கைக்குப் போய்விடும். 2 கொட்டை கிடந்தால் அவன் பிழைக்க 9இல் 4 வாய்ப்புதான். வழியில் சுத்தமாகப் பிடித்த நாட்டில் ஒருவன், தீட்டுப்பட்ட நாட்டில் குறைந்தது மூன்று பேர். மூன்று ஏன் என்றால் துப்புரவுக்கு 3 பகடை கிடைப்பது அப்போதுதான். அந்த மூன்று பேரைக் கொடுக்க மனமில்லை என்றால் அந்த நாட்டைத் தாக்காதே.

விதைத்துவிட்டு வருவது

இந்த ஆட்டத்துக்கே உரிய தாக்குதல் ஒன்று இருக்கிறது, பழைய ரிஸ்க்கில் இதற்கு அர்த்தமே கிடையாது. எதிராளி வட அமெரிக்காவை முழுதாகப் பிடித்து முறைக்கு 5 போனஸ் வாங்கிக்கொண்டிருக்கிறான், அலாஸ்காவில் கூட்டமாக ஆள் நிறுத்தியிருக்கிறான், உன்னிடம் கடல் கோட்டுக்கு இந்தப் பக்கம் கம்சட்காவில் ஒரு படை இருக்கிறது, ஆனால் அலாஸ்காவைப் பிடிக்கிற அளவுக்கு இல்லை. பிடிக்க வேண்டாம். 3 பகடைக்கு 2 பகடை, ஒவ்வொரு உருட்டலிலும் இரண்டு பக்கமும் சேர்த்து 2 பேர் சாவார்கள். 3 தடவை உருட்டினால் 6 பிணம், 2 கொட்டை. 5 தடவை உருட்டினால் 10 பிணம், 3 கொட்டை. போதும், நிறுத்திவிட்டுத் திரும்பு. 3க்கு 2 என்கிற உருட்டலில் சராசரியாக அவனுக்குத்தான் உன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சாவு, ஆகவே படைக் கணக்கில் உனக்கு நஷ்டமில்லை.

அவன் முறை வரும்போது, கடியில் புதிதாக எதுவும் எழாமல் இருந்தால், 3 பகடை போட்டு 2 கொட்டையையும் எடுக்க அவனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 3 கொட்டையையும் ஒரே தடவையில் எடுக்க 8இல் 1தான், அதுவும் கடியில் எதுவும் கூடாமல் இருந்தால்தான். எடுக்க முடியவில்லையா, அந்த முறைக்கு 5 போனஸ் போச்சு. பழைய ஆட்டத்தில் பெரிய கண்டத்தை உடைக்க அதில் ஒரு நாட்டையாவது பிடித்தாக வேண்டும். இங்கே சண்டை போட்டாலே போதும். அதனால் யாரும் ஒரு பெரிய கண்டத்தை நிம்மதியாக வைத்துக்கொண்டு கிடுகிடுவென்று வளர முடியாது, இது எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம்.

இதற்கு மாற்று மருந்தும் உண்டு. உன் எல்லை நாட்டில் கொட்டை அதிகமாகி இனி சுத்தம் செய்து கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், படையை உள்ளே இழுத்துக்கொள். பழைய விதிப்படி ஒருவனையாவது விட்டு வர வேண்டும், நம் ஆட்டத்தில் தீட்டுப்பட்ட நாட்டை மட்டும் முழுதாகக் காலி செய்யலாம் என்று வைத்திருக்கிறோம். காலி செய்ததும் அது ஜோம்பி நாடு. உனக்கும் எதிராளிக்கும் நடுவில் இப்போது ஒரு வேலி நிற்கிறது, அவன் உன்னிடம் வர வேண்டுமென்றால் அதற்குள் இறங்கிச் செத்து வர வேண்டும். நகர்கிற கொட்டை வீரர் குறைந்த பக்கம்தான் போகும் என்பதால் வேலிக்கு உன் பக்கத்தில் அவனைவிட ஓர் ஆள் கூடுதலாக நிறுத்து, கொட்டை அவன் பக்கம் சாயும். அவனும் அதையே செய்வான், இரண்டு பேரும் மாறி மாறி ஆள் ஏற்றுவீர்கள், அந்த ஆட்கள் வேறெங்கும் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். எத்தனை ஏற்றினால் போதும் என்று நிறுத்தத் தெரிகிறவன்தான் அங்கே ஜெயிப்பான்.

கார்டையும் கவனிக்க வேண்டும். ஜோம்பி முறையில் எடுக்கிற கார்டும் நாடு பிடித்தால் நமக்குக் கிடைக்கிற கார்டும் ஒரே கட்டுதான். உன் நாட்டின் கார்டு உன் கையிலேயே இருந்தால் அந்த நாட்டில் புதிதாகக் கொட்டை விழாது. 4, 6, 8 என்று ஏறிப் போகிற படைக்காக மூன்று கார்டுச் செட்டு சேர்ந்ததும் கொடுத்து மாற்றிவிடத் தோன்றும், ஆனால் சியாம் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் வாசலைக் காக்கிறவன் அதை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும். கையில் 5 கார்டு சேர்ந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருக்கட்டும்.

எப்போது முடியும், யார் யாரோடு

பழைய ரிஸ்க் கடைசி ஆள் நிற்கிறவரை போகும். இங்கே இன்னொரு முடிவும் இருக்கிறது. ஜோம்பி மட்டும் இருக்கிற நாடுகள் 14 ஆகிவிட்டால், அதாவது பலகையில் மூன்றில் ஒன்று, அந்தச் சுற்றோடு ஆட்டம் முடிந்தது. சுத்தமான நாடு யாரிடம் அதிகமோ அவர் ஜெயித்தார், சமமாக இருந்தால் படை அதிகம் உள்ளவர்.

ஆட்டத்தின் பேச்சு மாறுவது இந்த விதியால்தான். முன்னால் இருக்கிறவனுக்கு ஜோம்பி பெருகுவது லாபம், அவன் துப்புரவுக்குப் போக மாட்டான், தன் நாடுகளை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு 14 வரட்டும் என்று காத்திருப்பான். பின்னால் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டால் பிணம் கூடி அவனுக்குத்தான் நல்லது. அதனால் நேற்றுவரை எதிரியாக இருந்தவனிடம் போய்ப் பேச வேண்டி வரும். "மாப்ள, காங்கோல மூணு கிடக்கு, நீ அதை எடு, நான் எகிப்தைப் பார்த்துக்கிறேன், ரெண்டு சுத்துக்கு நமக்குள்ள சண்டை வேணாம்" என்கிற பேரம் பழைய ஆட்டத்திலும் உண்டு, ஆனால் அங்கே அது யாரை அடிப்பது என்ற பேச்சு, இங்கே யார் தன் ஆளைச் செலவழித்துப் பொது வேலையைச் செய்வது என்ற பேச்சு. ஜோம்பி நாட்டைச் சுத்தம் செய்தால் நாடு கிடைக்கும், சரி, ஆனால் கொட்டைக்கு ஓர் ஆள் போகும். அந்த ஆளை யார் கொடுப்பது என்பதில்தான் நட்பு நிற்பதும் உடைவதும்.

பாதியில் தோற்றவருக்கும் வேலை இருக்கிறது. பழைய ரிஸ்க்கின் பெரிய குறை, முதல் ஒரு மணி நேரத்தில் வெளியேறியவர், பெரும்பாலும் அது கூட்டத்தில் சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும், மீதி நேரம் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டும். இங்கே வெளியேறியவர் ஜோம்பி பக்கம் வந்துவிடுவார். கடிப் பகடை இனி அவர்தான் உருட்டுவார், கொட்டை நகரும்போது வீரர் குறைந்த நாடு இரண்டு மூன்று சமமாக இருந்தால் எது என்று அவர்தான் சொல்வார், ஜோம்பி முறையில் இரண்டு கார்டு எடுத்து அதில் எந்த நாட்டில் கொட்டை வைப்பது என்று அவரே தேர்ந்தெடுப்பார். ஜெயிக்க முடியாதுதான், ஆனால் தன்னை வெளியேற்றியவர் நாட்டில் கொட்டை வைக்கிற அந்தச் சந்தோஷத்துக்காகவே பிள்ளைகள் கடைசிவரை எழுந்து போக மாட்டார்கள்.

முதல் தடவை ஆடுகிறவர்கள் கடல் விதியையும் காலி செய்கிற விதியையும் விட்டுவிட்டு ஆடலாம், பிணம் எண்ணுவதும் கடியும் துப்புரவும் கைக்கு வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 14 நாடு ரொம்பச் சீக்கிரம் வந்துவிடுகிறது என்றால் 3 பிணத்துக்கு ஒரு கொட்டை என்பதை 4 ஆக்குங்கள். இழுத்துக்கொண்டே போனால் ஜோம்பி முறையில் ஒரு கார்டுக்குப் பதில் இரண்டு எடுத்து இரண்டு நாட்டிலும் கொட்டை வையுங்கள். பிணக் கணக்கை 2 ஆக மட்டும் குறைக்காதீர்கள், அப்போது 2 பேர் நிற்கிற எந்த நாட்டையும் சுத்தமாகப் பிடிக்கவே முடியாது, எல்லோரும் தாக்குவதை விட்டுவிட்டு அவரவர் கண்டத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். 3 பேர்தான் ஆடுகிறீர்கள் என்றால் தொடக்கத்தில் 2 கொட்டைக்குப் பதில் 3 வையுங்கள், ஆள் குறைவாக இருக்கும்போது சண்டையும் குறைவு, முதல் சுற்றிலேயே கொட்டை நகரத் தொடங்கினால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்.